இடது கண்ணுக்கு முடிந்த காசு

ஐந்து காசு என்றால் என் வயதுக்காரர்களுக்கு மிட்டாய் ஞாபகம் வரும், கச்சான் கடலைப் பொட்டலம் ஞாபகம் வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். எல்லா ஐந்து காசின் மேலும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து கொஞ்ச காலத்தில் புதிதாக வந்ததே, அந்த ஐந்து காசின் மேல்.

அதற்கு முன்னால் ஓடிய ஐந்து காசு வெள்ளியில் செய்தது. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். கீழே விழுந்தால் வாசல் புழுதியில் தேடி எடுப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். புதிது அதைவிடப் பெரியது, கையில் வைத்தால் கனம் தெரியும், பார்க்க வெள்ளியைவிட வெள்ளையாக இருக்கும். இரண்டிலும் ராஜா தலைதான். கிரீடம், தாடி, ஒரு பக்கமாகத் திரும்பிய முகம். மறுபக்கம் நடுவில் ஐந்து என்ற எண், அதைச் சுற்றி முத்துக் கோத்ததுபோல ஒரு வட்டம், வட்டத்துக்கு வெளியே ஆங்கில எழுத்து. அந்த எழுத்தில் மலாயாவில் எங்கள் பேராக் மாநிலத்தின் பெயர் கிடையாது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா எல்லாம் சேர்ந்த வெள்ளைக்காரன் சீமையின் பெயர்தான் இருந்தது. அதே காசுதான் எங்களிடமும் ஓடியது, சிலாங்கூரிலும் ஓடியது, ஜொகூரிலும் ஓடியது. அதை எங்கே அடித்தார்கள், எதைக் கலந்து அடித்தார்கள் என்று ரப்பர் மரம் சீவுகிற சனங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? சிவப்பாக, சதுரமாக இருந்தால் ஒரு காசு, அது செம்பு. வெள்ளையாக, வட்டமாக இருந்தால் அது வெள்ளி. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவுகிறவர்கள். எனக்கு ஐந்து வயதோ என்னவோ, அந்த வருஷம் தோட்டத்தில் அம்மை இறங்கியது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் முதலில் எனக்குத்தான் வந்தது. உடம்பெல்லாம் போட்டது போதாதென்று இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டன. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வேப்பிலை வாசமும், இருட்டும், கதவிடுக்கில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசுகிற சத்தமும்தான்.

அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. வந்திருப்பது ஆத்தாள். அவள் வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள், வெளி ஆளை உள்ளே விடமாட்டார்கள். ஊசியும் மருந்தும் போட்டால் அவளுக்குக் கோபம் வரும். பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, அவளாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அம்மா அப்படித்தான் செய்தாள். அந்தத் தோட்டத்தில் எந்தத் தாயும் அப்படித்தான் செய்திருப்பாள்.

கண்ணுக்குக் கோளாறு வந்தால் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொள்வோம். வெள்ளித் தகட்டில் கண் வடிவமாகத் தட்டி, அம்மன் முகத்தில் பதிக்கிற காணிக்கை அது. இந்தியாவில் கோயில் வாசலிலேயே விற்பார்களாம். தோட்டத்தில் ஏது? அதனால் எங்கள் சனங்கள் வெள்ளிக் காசை மஞ்சள் துணியில் முடிந்து நோயாளியின் தலைமாட்டில் கட்டிவிடுவார்கள். நோய் இறங்கியதும் ஈப்போவுக்குக் கொண்டுபோய் நகை செய்கிற பத்தரிடம் கொடுத்து, அந்தக் காசையே கண்ணாகத் தட்டி வாங்கி வருவார்கள். முடிந்த காசை மாற்றக் கூடாது. முடிந்த நிமிஷத்திலிருந்து அது அம்மனுடைய காசு.

அம்மா இரண்டு காசு எடுத்தாள். ஒன்று அப்பா எப்போதோ பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பத்துக் காசு. கறுத்துத் தேய்ந்து, ராஜாவின் மூக்குகூட மழுங்கிப் போயிருந்தது. இன்னொன்று அந்த மாசச் சம்பளத்தில் வந்த புது ஐந்து காசு. ஒரு கீறல் கிடையாது. சீனன் கடைக் கல்லாவுக்குப் போகாத காசு, எச்சில் விரல் படாத காசு. இரண்டையும் என் தலையைச் சுற்றிக் கண்ணில் தொட்டு வைத்து, சத்தமாகவே வேண்டிக்கொண்டாள்.

“தாயே, எம்புள்ள ரெண்டு கண்ணையும் எனக்குத் திருப்பிக் குடுத்துரு. ரெண்டு வெள்ளிக் கண்ணு உனக்குச் சாத்துறேன். வலது கண்ணுக்கு இந்தக் காசு. இடது கண்ணுக்கு இந்தக் காசு.”

இடது கண்தான் அதிகமாகச் சீழ் கட்டியிருந்தது. அதனால் நல்ல காசாகப் பார்த்து, புதுசாகப் பார்த்து, வெள்ளையாகப் பார்த்து அதற்கு வைத்தாள். அலட்சியத்தில் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாசத்தில் செய்தாள்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று வலது கண் திறந்தது. முதலில் தெரிந்தது அம்மாவின் மூக்குத்தி. இடது கண்ணும் திறந்தது, ஆனால் அதில் பூ விழுந்திருந்தது. கருவிழி முழுக்க வெள்ளை. அம்மா வலது கண்ணைக் கையால் மூடிவிட்டு, “அம்மா தெரியுதா? அம்மா கை தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அழுகிறாளே என்று தெரியுது என்றேன். எத்தனை விரல் என்றாள். அங்கே மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அத்தைதான் அம்மாவைத் தேற்றினாள். “வேண்டுதல முடிக்காம கண்ணு எப்பிடி வரும்? கண்மலரக் கொண்டாந்து சாத்து. அப்பறம் பாரு” என்றாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் மஞ்சள் முடிச்சை மடியில் செருகி, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு செமோரில் ரயில் ஏறினாள். போகிற வழியெல்லாம் நல்ல முகமாகத்தான் இருந்தாள். திரும்பி வரும்போது நீ ரெண்டு கண்ணாலயும் ரயில பாப்ப என்றாள்.

பத்தர் ஈப்போவில் ஒரு குறுகலான கடையில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை மென்றுகொண்டே இரண்டு காசையும் வாங்கிப் பார்த்தார். முதலில் பழைய பத்துக் காசை நெருப்பில் காட்டிக் கல்லில் வைத்துத் தட்டினார். அது அவர் சொன்னபடி கேட்டது. தட்டத் தட்ட விரிந்தது. கறுப்பெல்லாம் போய் உள்ளிருந்து வெள்ளி வந்தது. கத்தரித்து, நடுவில் கருவிழிக்குக் குழி அடித்து, கண்ணாக்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு புதுசை எடுத்தார். தட்டினார். மணி அடித்த மாதிரி அது துள்ளியது. மறுபடி நெருப்பில் போட்டு எடுத்துத் தட்டினார். ஓரம் வெடித்தது. பத்தர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“இது வெள்ளி இல்ல, தங்கச்சி.”

“ராசா தல இருக்கே அண்ணே.”

“தல எல்லாத்துலயுந்தான் இருக்கு. ஒத்தக் காசு செம்புலகூட அந்தத் தலதான். இது நிக்கல் லா. செம்பும் நிக்கலும் கலந்து அடிச்சிருக்கான் வெள்ளக்காரன். சண்டையில வெள்ளி வெல ஏறிப் போச்சுன்னு காசுல வெள்ளியக் கொறச்சுக்கிட்டே வந்தான். இதுல சுத்தமா எடுத்துட்டான்.”

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. காசைத் திரும்ப வாங்கி, முந்தானையில் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்த இடம் இன்னும் வெள்ளையாக மின்னியது. பத்தருக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “எங்கிட்ட வெள்ளித் துண்டு கெடக்கு. ஒரு கண்ணுக்குப் போதும். அதுல அடிச்சுத் தாரேன், காசு ஒண்ணும் வேணாம்” என்றார்.

நல்ல மனுஷன். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும்தான் அம்மாவுக்குச் சங்கடம் முற்றியது. வெள்ளிக் கண் சாத்துகிறேன் என்று சொல்லியிருந்தாள். இந்தக் காசு என்றும் சொல்லியிருந்தாள். பத்தர் கொடுக்கிற வெள்ளியை வைத்தால், அம்மனுக்கு முடிந்த காசை மாற்றிய பாவம். முடிந்த காசையே வைத்தால், வெள்ளி என்று சொல்லி நிக்கல் கொடுத்த பாவம். எதைச் செய்தாலும் வாக்குத் தப்புகிறது. கடை வாசலில் என்னை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியாது. யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. அப்பா வேலைக்காட்டில் இருந்தார். அம்மன் கோயிலில் இருந்தாள்.

கடைசியில் எழுந்து, “இதவே அடிச்சுக் குடுங்க அண்ணே” என்றாள். “முடிஞ்சது முடிஞ்சதுதான். அவளுக்குத் தெரியாதா, நா தெரிஞ்சா செஞ்சேன்?”

பத்தர் பாடுபட்டு அதை ஒரு மாதிரிக் கண்ணாக்கினார். வலது கண் பூவிதழ் மாதிரி மெலிசு. இடது கண் தடியாக, ஓரம் பிசிராக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முகத்தில் பூசாரி இரண்டையும் பதித்தார். அன்றைக்கு முழுக்க அம்மா என் வலது கண்ணை மூடி மூடி விரல் காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளும் காட்டினாள். எத்தனை நாள் காட்டினாளோ, ஒரு நாள் நிறுத்திவிட்டாள்.

இதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்தக் காசு விடவில்லை. கற்பூரப் புகைபட்டு வெள்ளிக் கண் மாசா மாசம் கறுத்துக்கொண்டு வந்தது, நிஜக் கண் மாதிரி. நிக்கல் கண் மட்டும் அப்படியே வெள்ளையாக விழித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அம்மா அங்கே யாரைக் கும்பிட்டாளோ, எனக்குத் தெரியாது. பார்த்தது அந்த இடது கண்ணைத்தான். கோயிலில் இருந்து வந்து என்னைப் பார்த்தால் இங்கேயும் அதே வெள்ளை. தோட்டத்தில் எல்லாப் பிள்ளையையும் எல்லாரும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்னை அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஆயி என்றாள், தங்கம் என்றாள். அந்த வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை.

நான் அழுதுகொண்டிருக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒத்தக்கண்ணி என்று கூப்பிட்ட பையனிடம் ஒரு காசை எடுத்துக் காட்டி, “ராசாவுக்கு எத்தன கண்ணுடா தெரியுது? எண்ணிச் சொல்லு” என்றேன். பக்கவாட்டு முகம்தானே, ஒன்றுதான் தெரியும். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றிலிருந்து எனக்கு ராசாத்தி என்று பேர் வந்தது. அதைக் கேலியாகத்தான் சொன்னார்கள். நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது நிக்கல் ஐந்து காசு போய் மறுபடியும் சின்ன வெள்ளி ஐந்து காசு வந்தது. அப்பா சம்பளத்தோடு கொண்டுவந்து, “பாத்தியா, திரும்ப வெள்ளியில போட்டுட்டான்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இப்பப் போடுறானா?” என்றாள். “எம்புள்ள கண்ணு போனப்பறம் போடுறானா?”

அம்மா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ராஜாவைத் திட்டினாள். காசு அடித்தவனைத் திட்டினாள், வெள்ளியை எடுத்தவனைத் திட்டினாள், திரும்ப வைத்தவனையும் திட்டினாள். அவன் யார், எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்றே தெரியாமல் திட்டினாள். அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த ஆடித் திருவிழாவுக்கு அவள் புது வெள்ளிக் காசைக் கொண்டுபோய் ஒரு கண் தட்டி வந்தாள். ஒரே ஒரு கண், இடது கண். அடுத்த வருஷமும் ஒன்று. அதற்கு அடுத்த வருஷமும் ஒன்று. பூசாரி, “ஒத்தக் கண்ணாவே கொண்டாந்தா நா எங்க பதிப்பேன், அக்கா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டு, உண்டியல் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். டப்பா முழுக்க இடது கண். எனக்கு அவமானமாக இருந்தது. பேராக்கிலேயே இப்படி ஒரு கோயில் இருக்காது.

“காசுக்கும் கண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று நான் சண்டை போடுவேன். “அப்பிடின்னா உன் அம்மன் என்ன வட்டிக்கடக்காரியா, காச ஒரசிப் பாத்துக் கண்ணக் குடுக்க?”

“வாய மூடு. அவ ஒண்ணும் செய்யல. நாந்தான் அன்னிக்குப் பத்தரு குடுத்த வெள்ளிய வாங்கியிருக்கணும்.”

“வாங்கியிருந்தா காச மாத்திட்டேன்னு அழுதிருப்ப.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். எனக்குக் கோபம் இன்னும் கூடும். இந்தப் பாழாய்ப்போன காசை இவள் தலையிலிருந்து எப்படி இறக்குவது என்றுதான் எனக்கு யோசனை. கண் போனதைவிட எனக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில் என் வலது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. அம்மா பயந்துவிட்டாள். இருப்பது ஒன்று. இந்தத் தடவை வேண்டுதலும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம் என்று நேராக ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பிள்ளையாக இருந்த என் தம்பியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். என் முறை வந்த நேரத்தில் அவன் பாலுக்கு அழுதான். “நீ போ, நா மரத்தடியில இருக்கேன்” என்று அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

உள்ளே வெள்ளைக்கார டாக்டர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். டாக்டர் வலது கண்ணை இமை புரட்டிப் பார்த்தார். பிறகு இடது கண்ணை விளக்கு வைத்துப் பார்த்தார். எப்போது வந்தது, என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அம்மை என்றேன், வேப்பிலை என்றேன். டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர் அதைச் சுருக்கமாகச் சொன்னார்.

“வலது கண்ணுக்கு ஒண்டும் பயமில்லை. சொட்டு மருந்து விட்டாச் சரி. இடது இனிச் சரிவராது. அம்மை வந்த கிழமையே இஞ்ச கொண்டு வந்து மருந்து விட்டிருந்தால் அதுவும் தப்பியிருக்குமாம். வீட்டில போட்டு வைச்சிருந்ததாலதான் போனது எண்டு சொல்லுறார்.”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான். காசுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் கத்திக்கொண்டிருந்தேனே, இதோ வெள்ளைக்கார டாக்டரே சொல்லிவிட்டார். நிக்கலும் இல்லை, வெள்ளியும் இல்லை. மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அம்மாவிடம் போய், உன் பாவமெல்லாம் தொலைந்தது, எழுந்திரு என்று சொல்லிவிட வேண்டும் என்று ஓடினேன்.

மரத்தடியில் அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தூங்கிவிட்டான். அவன் கண்ணிமை மேல் உட்கார வந்த ஈயைக் கையால் விரட்டிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. வேப்பிலையில் கிடத்தியது யார்? கதவைச் சாத்தியது யார்? ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல், என் தலைமாட்டில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தது யார்? காசு பொய் என்றால் மிச்சம் இருப்பது இவள்தானே. காசின் மேல் பழி போட்டுத்தான் இத்தனை வருஷமாக இவள் சோறு தின்கிறாள், தூங்குகிறாள். அதையும் பிடுங்கிக்கொண்டு நான் என்ன கொடுக்கப் போகிறேன்?

“என்ன ஆயி சொன்னாரு?” என்று அம்மா எழுந்தாள்.

“வலது கண்ணு நல்லாருக்காம். மருந்து குடுத்துருக்காங்க.”

“இடது?”

“அது இனிமே வராதாம்மா.”

அம்மா தலையை ஆட்டினாள். எதிர்பார்த்துத்தான் இருந்தாள்போல. “அந்தக் காசுதான்” என்றாள், தனக்குத்தானே.

“ஆமாம்மா” என்றேன். “அந்தக் காசுதான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அதை ஒத்துக்கொண்டதில்லை. சண்டைக்கு வருவேன் என்று நினைத்திருப்பாள். அவள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

“வெள்ளையா இருந்துச்சே ஆயி. ராசா தல இருந்துச்சே. நா எப்பிடிக் கண்டேன்?”

“நீ என்ன பண்ணுவ” என்று சொல்லித் தம்பியை என் தோளில் வாங்கிக்கொண்டேன்.

சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை அந்தக் காசை நம்பியே போய்ச் சேர்ந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாளோ என்று நினைத்து நான் தவித்திருக்கிறேன். கேட்க இப்போது அவள் இல்லை.

அந்த வருஷத் திருவிழாவுக்கும் இடது கண் தட்ட அவள் ஈப்போவுக்குக் கிளம்பினாள். முன்னெல்லாம் கூப்பிட்டாலும் போகமாட்டேன். அந்தத் தடவை நானே சேலை கட்டிக்கொண்டு கூடப் போனேன். பத்தர் கடையில் மஞ்சள் துணியை அவிழ்த்து, காசை எடுத்து அவர் கையில் கொடுத்தது நான்தான்.